சுவரை இடிக்கும் முன்

சமயபுரத்திலிருந்து லால்குடி வழியாகக் கிழக்கே போனால் கொள்ளிடக் கரையில் திருமழபாடி வரும். அங்குள்ள கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்டும்படி முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பழைய சுவரை இடிக்கும் முன் அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த ஆணையில் உண்டு. மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அந்தப் படி புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டது.

கோள்களுக்குப் போன விண்கலங்களின் தரவுகளை நாடுகள் சேர்ந்து காத்துப் பகிரும் ஏற்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குத் திருமழபாடிதான் முதலில் ஞாபகம் வருகிறது. சோழன் காட்டிய அக்கறையை நாசாவே ஒரு காலத்தில் காட்டவில்லை. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய காட்சியின் மூல நாடாக்கள் அழிக்கப்பட்டு, வேறு பதிவுகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2009இல் அது ஒப்புக்கொண்டது. வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த கருவிகளின் பதிவுகளிலும் பல காணாமல் போயின. 1975ஆம் ஆண்டின் மூன்று மாதப் பதிவுகள் கொண்ட 440 நாடாக்களைப் பல ஆண்டுகள் கழித்து ஆவணக் கிடங்கிலிருந்து தேடி எடுத்தார்கள்.

பட்டபின்தான் புத்தி வந்தது. கோள் தரவுகளுக்கென்றே ஒரு காப்பகத்தை அமெரிக்கா அமைத்தது. ஐரோப்பாவும் ஜப்பானும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டன. நமக்கு பெங்களூருக்கு அருகே பையலாலுவில் இருக்கிறது. இந்தக் காப்பகங்கள் ஒரே மொழி பேசவேண்டும் என்பதற்காக 2006இல் பன்னாட்டுக் கோள் தரவுக் கூட்டமைப்பு உருவானது. இஸ்ரோவும் அதில் உறுப்பினர். பிடிஎஸ்4 என்ற பொது வடிவத்தை அங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பொது வடிவம் வெறும் குமாஸ்தா வேலை இல்லை. விண்கலப் படம் ஒன்றை அதன் விவரச்சீட்டு இல்லாமல் திறந்து பாருங்கள். கணினிக்கு அது எண்களின் நீண்ட வரிசை, அவ்வளவுதான். ஒரு வரிக்கு எத்தனை புள்ளி என்பதில் ஒன்று பிசகினாலும் பள்ளமெல்லாம் சாய்ந்து இழுபட்டு, காற்றில் பறக்கும் வேட்டி மாதிரி தெரியும். எடுத்த நேரம், சூரியன் இருந்த கோணம், கருவியை அளவுசெய்த கணக்கு எல்லாம் சீட்டில் இருந்தால்தான் அது அறிவியல். 'இத்தனை வேலி நிலம்' என்று கல்வெட்டில் வெட்டியவர்கள், எந்தக் கோலால் அளந்தது என்பதையும் சொன்னார்கள். பல கோயில்களில் அந்தக் கோலின் நீளத்தையே கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

காத்து வைத்ததன் பலனுக்கு நம் சந்திரயான் 1தான் நல்ல சாட்சி. அதில் இருந்த 11 கருவிகளில் ஆறு வெளிநாட்டினருடையவை. அவற்றில் ஒன்றான நாசாவின் எம்3, நிலவின் மேற்பரப்பில் நீர், ஹைட்ராக்சில் மூலக்கூறுகளின் சுவடு இருப்பதாக 2009இல் காட்டியது. அந்த முடிவுக்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, சனிக்குப் போகும் வழியில் 1999இல் நிலவைக் கடந்த காசினி விண்கலம் எடுத்துவைத்திருந்த பழைய தரவு. பத்து வருடம் அது காத்துக் கிடந்தது. 2009 ஆகஸ்டில் சந்திரயான் 1 மௌனமாகிவிட்டது. ஆனால் 2018இல் அதே எம்3 தரவைத் திரும்பப் படித்தவர்கள், துருவப் பகுதிகளில் மேற்பரப்பிலேயே பனிக்கட்டி இருப்பதற்கு நேரடிச் சான்று கண்டார்கள்.

இதுவரை புகழ்ச்சி. இனி குறை.

2019 செப்டம்பரில் சந்திரயான் 2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதியது. அதன் சிதறலை நாசா கலத்தின் படங்களில் அடையாளம் கண்டு நாசாவுக்கு எழுதியவர் மதுரைக்காரரும் சென்னையில் வேலை பார்த்தவருமான பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா அதை உறுதி செய்து டிசம்பரில் அறிவித்தது. நம் ஆர்பிட்டரே முன்னமே கண்டுபிடித்துவிட்டதாக இஸ்ரோ சொன்னது. இருக்கட்டும். நாசா கேமராவின் துல்லியம் நல்ல நிலையில் ஒரு புள்ளிக்கு அரை மீட்டர். சந்திரயான் 2 கேமராவுக்குக் கால் மீட்டர். நம்முடையதுதான் கூர்மை. ஆனால் நம் ஊர்க்காரர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்க்க முடிந்தது அமெரிக்கப் படத்தைத்தான். சந்திரயான் 2 தரவுகள் பொதுமக்களுக்கு வர 2020 டிசம்பர் ஆயிற்று.

பிசகு எங்கே? கூட்டமைப்பு 'எப்படிக் கொடுப்பது' என்பதில் ஒத்துப்போகிறது. 'எப்போது கொடுப்பது' என்பதை அந்தந்த நாட்டின் கையில் விட்டுவிடுகிறது. பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. திருமழபாடியிலும் படியெடுக்கச் சொன்னதற்கும் திரும்ப வெட்டியதற்கும் நடுவே ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் ஓடின. அந்தப் படி புதுச் சுவருக்கு வர அவ்வளவு காலம் ஆயிற்று.

தாமதத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கருவியைப் பத்து வருடம் உழைத்துக் கட்டியவருக்கு முதல் கட்டுரை எழுதும் உரிமை வேண்டாமா? அளவுதிருத்தம் செய்யாத தரவைக் கொட்டினால் அவசரக்காரர்கள் இல்லாத அதிசயத்தையெல்லாம் கண்டுபிடிப்பார்கள். ஐரோப்பாவின் ரோசட்டா விண்கலக் குழுவே வால்நட்சத்திரப் படங்களைக் கைக்குள் வைத்திருந்ததற்காக 2014இல் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் காத்திருப்பவருக்குக் கணக்கு தெரியும். சொல்லாத தாமதம்தான் எரிச்சல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் காப்பகத்தில் பெயர் பதியாமலே படத்தை எடுக்கலாம். இஸ்ரோவின் தரவுத் தளமான பிரதானில் பதிவுசெய்து உள்நுழைய வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் நம் திருச்சிக் கல்லூரி மாணவர் ஆர்வத்தில் எட்டிப்பார்க்கிற நேரத்தில் வாசலில் நிற்கவைக்கிறோம். உள்ளே போனாலும், இந்தத் தரவை எப்படிப் படிப்பது என்று அவருக்குத் தமிழில் சொல்லித்தர ஒரு கையேடும் என் கண்ணில் பட்டதில்லை.

சந்திரயான் 3இல் நிலைமை தேறியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23இல் இறங்கியது. சரியாக ஒரு வருடம் கழித்து, முதல் தேசிய விண்வெளி நாளன்று, அதன் அறிவியல் தரவுகள் வெளியாயின. அடுத்தது நிலவின் மண்ணை எடுத்துவரப் போகும் சந்திரயான் 4. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது. ஏவும் தேதியை அறிவிக்கிற அன்றே தரவு வெளியாகும் தேதியையும் இஸ்ரோ அறிவிக்க வேண்டும்.