நாய் லிம்போமாவில் வாழ்நாள் கணிப்பு

நாய்களைத் தாக்கும் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பலன் தருமா என்பதை, நோயுற்ற செல்களை ஆய்வகத்தில் மருந்துகளோடு சேர்த்துச் சோதித்தும், பழைய நோயாளி நாய்களின் பதிவுகளைக் கொண்டு கணினியைப் பயிற்றுவித்தும் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அமெரிக்கக் கால்நடை மருத்துவத்தில் அண்மைக் காலமாக வலுத்து வருகிறது. இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. நிணநீர் வெள்ளணுக்களுள் டி செல்களில் தோன்றும் நோய் பி செல்களில் தோன்றுவதைவிடப் பொதுவாகக் கொடியது என்பதும், டி செல் வகையிலேயே டி-மண்டல லிம்போமா ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்கிறது என்பதும், நோய் கண்டறியப்படும்போதே சோர்ந்து மெலிந்திருக்கும் நாய்கள் குறைந்த காலமே வாழ்கின்றன என்பதும் நிலைபெற்ற உண்மைகள்.

ஆனால் கணிக்கப்படுவது எது என்ற கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது. சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிறிஸ்டின், பிரெட்னிசோன் ஆகியவை சேர்ந்த ‘சாப்’ மருந்து முறையில் பெரும்பாலான நாய்களுக்கு நோய்த்தணிவு, அதாவது வீங்கிய நிணநீர்க் கணுக்கள் வடிந்து நலம் திரும்பும் நிலை கிடைத்தாலும், நோய் பெரும்பாலும் மீண்டும் தலைதூக்குகிறது. அதன்பின் நேரும் சாவு பல நாய்களுக்கு உரிமையாளரின் ஒப்புதலோடு செய்யப்படும் கருணைக்கொலையாகவே அமைகிறது. ஆகவே ‘வாழ்நாள்’ என்று ஆய்வுகள் அச்சிடும் எண்ணில் நோயின் வேகத்தோடு குடும்பத்தின் பணவசதியும், பக்கவிளைவு பற்றிய அச்சமும், மருத்துவர் சொன்ன சொல்லும் பிரித்தறிய முடியாதபடி கலந்துள்ளன. அந்த எண்ணில் பயின்ற கணினி, செல்லின் இயல்பைக் கற்ற அளவுக்கு உரிமையாளரின் மனத்தையும் கற்றிருக்கிறது.

இதனினும் கேடானது, கணிப்பு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்வது. தேறாது என்று முதல் நாளே சொல்லப்பட்ட நாய்க்குப் பல சமயம் பிரெட்னிசோன் மட்டும் தரப்படுகிறது. அம்மருந்தின் பலன் ஓரிரு மாதங்களே தாங்கும் என்பதோடு, அது பிற மருந்துகளுக்கு எதிர்ப்பையும் வளர்ப்பதால், உரிமையாளர் பின்னர் மனம் மாறினாலும் முழுச் சிகிச்சை முன்போல் பலிப்பதில்லை. அந்தச் சாவு அடுத்த கணினிப் பயிற்சிக்குச் சான்றாகப் போய்ச் சேர்கிறது.

வாழ்நாளைக் கணிக்கவில்லை, நோய்த்தணிவையே கணிக்கிறோம் என்று இம்முறையை ஆதரிப்போர் சொல்லக்கூடும். ஆனால் பத்தில் எட்டு, ஒன்பது நாய்கள் முதற்சுற்றிலேயே தணிவடையும் பி செல் நோயில், எல்லா நாய்க்கும் ‘பலன் உண்டு’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பெரும்பாலும் சரியாக இருக்கும். தணிவு எத்தனை மாதம் நீடிக்கும் என்பதே கடினமான கேள்வி, உரிமையாளர் அறிய விரும்புவதும் அதுவே. ஒவ்வொரு கருணைக்கொலைக்கும் உரிய காரணத்தையும், நோய் திரும்பியபின் எந்த மருந்து தரப்பட்டது அல்லது மறுக்கப்பட்டது என்பதையும் பதிவு செய்து, கணிப்பை மருத்துவரும் உரிமையாளரும் அறியாதபடி மறைத்து வைத்து முடிவோடு ஒப்பிடும் வரை, இத்தகைய சோதனையின் விடையைச் சிகிச்சையைக் கைவிடுவதற்கான காரணமாக எந்த உரிமையாளரின் முன்னும் வைக்கக் கூடாது.