வராதவர்களின் கணக்கு

கலை அரங்குகளுக்கு ஆள் சேர்ப்பதை 'ஆடியன்ஸ் டெவலப்மெண்ட்' என்கிறார்கள். இதில் முனைவர் பட்ட ஆய்வே செய்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கு என்று இந்தத் துறையின் இரண்டு பழைய புத்தகங்களைப் படித்தேன்.

முதலாவது, டேனி நியூமன் 1977-ல் எழுதிய 'சப்ஸ்கிரைப் நவ்!'. நியூமன், சிகாகோ லிரிக் ஆபராவுக்கு விளம்பர வேலை பார்த்தவர். அவர் சொல்வது ஒன்றுதான்: ஒருநாள் டிக்கெட் வாங்குறவரை நம்பாதே, சீசன் முழுக்க முன்பணம் கட்டுற சந்தாதாரரைப் பிடி. மாதச் சந்தாவுக்கு சாஃப்ட்வேர் விற்கிற எங்க ஆட்களுக்கு இது அரிச்சுவடி. புத்தகம் உற்சாகமாகப் போகிறது. பல குழுக்கள் இதைப் பின்பற்றி அரங்கை நிரப்பவும் செய்தன. ஆனால் முன்பணம் கட்ட வசதியும், மாலைகளை முன்கூட்டியே ஒதுக்க நேரமும் யாரிடம் இருக்கு? நியூமன் எண்ணுவது நாற்காலிகளை மட்டும்தான்.

இரண்டாவது, பியர் பூர்தியுவும் அலென் தார்பெலும் 1966-ல் பிரெஞ்சில் வெளியிட்ட நூல். ஆங்கிலத்தில் 'தி லவ் ஆஃப் ஆர்ட்'. மியூசியத்துக்கு வருபவர்களைப் பற்றியது. வந்தவர்களிடம் படிவம் வாங்கியதோடு இவர்கள் நிற்கவில்லை. நாட்டு மக்கள்தொகையில் அந்தந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்பதோடு ஒப்பிட்டார்கள். கீழே போட்டு வகுக்கும் எண்ணை மாற்றியதுதான் இந்த நூலின் சாதனை. லாக்-இன் பண்ணினவர்களின் பதிவை மட்டும் பார்த்தால், வராதவர் ஏன் வரலைன்னு தெரியாது இல்லையா? இவர்கள் கண்டது: தடை டிக்கெட் விலை மட்டுமல்ல, படிப்பு.

பின்னால் நடந்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. இங்கிலாந்தின் தேசிய மியூசியங்கள் 2001 டிசம்பரில் கட்டணத்தை நீக்கின. கூட்டம் நன்றாகவே கூடியது. வந்தவர்களின் சமூகப் பின்னணியோ பெரிதாக மாறவில்லை.

இதுவரை நான் பூர்தியு கட்சி. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இடிக்கிறது. வராதவரை 'ஏதோ கிடைக்காதவர்' என்றே நூல் பார்க்கிறது. பள்ளிக்கூடம் அதைக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது போல.

எங்க அப்பா செய்யாறு பக்கம். தெருக்கூத்தில் கர்ண மோட்சம் என்றால் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். எந்தக் கலைஞர் எந்த இடத்தில் சொதப்பினார் என்று மறுநாள் சொல்வார். மார்கழியில் சென்னை சபாக்கள் பலவற்றில் காலை, மதியக் கச்சேரிகள் இலவசம். ஒருமுறை கூப்பிட்டேன். "அது நமக்கில்லப்பா, நீ போய்ட்டு வா" என்றார். வற்புறுத்தவில்லை. நாள் முழுக்க அவரைக் கேட்டிருந்தால் ஒரு ஆய்வேட்டுக்கான விஷயம் கிடைத்திருக்கும். நான் கச்சேரிக்குப் போய்விட்டேன்.

அவர் ரசனை இல்லாதவர் இல்லை. வேறு ஒரு கலையின் தேர்ந்த ரசிகர். 'டெவலப்மெண்ட்' என்ற சொல்லே அவரை வளராதவர் ஆக்கிவிடுகிறது. வளர வேண்டியது ரசிகரா, அரங்கமா?

இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் நியூமனைத் தொழில் தெரிந்துகொள்ளவும், பூர்தியுவைக் கணக்குப் போடவும் படிக்கட்டும். அப்புறம் டிக்கெட் கவுண்டரை விட்டு வெளியே வந்து, வராதவர்கள் சாயங்காலம் எங்கே போய் எதை ரசிக்கிறார்கள் என்று பார்க்கட்டும்.