உரிமையும் பராமரிப்பும்: திறந்த மூல மென்பொருள் பற்றிய ஒரு நோக்கு

திறந்த மூல மென்பொருளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் உரிமைகளையே விதந்து பேசுவர். எவரும் இயக்கலாம், மூலத்தைக் கற்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் நால்வகைச் சுதந்திரமும் போற்றத்தக்கனவே. ஆயின், அச்சுதந்திரத்தை நாள்தோறும் பயன்தரு நிலையில் வைத்திருப்பவர் யார் என்ற வினாவை அவ்வெழுத்துகள் எழுப்புவது அரிது. அக்குறைபாட்டைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரின் அருமை அறிந்த தீவகத்தார்க்கு இவ்வினா புதியதன்று. புங்குடுதீவின் இறுப்பிட்டி போன்ற ஊர்களில் நன்னீர்க் கிணறே ஊரின் உயிர்நிலை. ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிற் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காக, எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இல் புங்குடுதீவிற் சத்தியாக்கிரகம் செய்தார். உரிமையே முதற்படி என்பதில் ஐயமில்லை. எனினும், 1991இல் போரினால் மக்கள் இடம்பெயர்ந்த பின்னர், அள்ளுவோரைத் தடுப்பார் எவருமில்லாத கிணறுகள் பல, கலக்கி இறைப்பாரின்றிப் பாழடைந்தன.

நிரல், கிணற்று நீர்போல அள்ளக் குறைவதன்று. ஆயினும் பேணுவாரற்றவிடத்து அதுவும் கெடும்; ஏனெனில் நிரல் மாறாதிருக்க அதன் சூழல் மாறிக்கொண்டேயிருக்கின்றது.

வலையமைப்புக் கண்காணிப்புக் கருவியான நாகியோஸை எடுத்துக்கொள்வோம். ஈதன் கால்ஸ்டாட் 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்ட இது, 2002இல் இப்பெயர் பெற்றது. குறித்த இடைவேளைகளிற் சேவையகங்களைச் சோதித்து, ஒன்று செயலிழந்தால் பொறுப்பாளர்க்கு அறிவிப்பது இதன் பணி. இத்தகைய கருவியை டெபியன் இயங்குதளத்திற் பொதியாகப் பேணுபவர், மூல நிரலை அத்தளத்திற்கு இயைபுறத் தொகுத்து, வழு முறைப்பாடுகளை ஆராய்ந்து, பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்புக்கும் பொருத்துவார். பயனர் தாமே மாற்றிய அமைப்புக் கோப்புகள் மேம்படுத்தலின்போது அழியாமலும் காப்பார். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணியும் பதிப்பாசிரியரின் பணியை இஃது ஒக்கும். இரண்டிலும் செம்மையாக நடந்த வேலை கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

2015இல் வெளிவந்த டெபியன் 8இல் நாகியோஸ் 3 இருந்தது. 2017இல் வெளிவந்த டெபியன் 9இல் நாகியோஸின் மையப் பொதி இடம்பெறவில்லை. 2019இல் வெளிவந்த டெபியன் 10இலேயே நாகியோஸ் 4 பொதியாக வந்தது. அவ்விடைவெளியில் மூலத்திட்டம் மடிந்துவிடவில்லை. நான்காம் பதிப்பு 2013இலேயே வெளியாகியிருந்தது. உரிமமும் குறைவின்றி இருந்தது. பொதி மட்டுமே இல்லை. பேணுநர் கைவிட்ட பொதியை அச்சமூகம் ‘அநாதை’ என்றே குறிப்பது பொருத்தமான வழக்காகும்.

கண்காணிப்புக் கருவி பழுதுற்றால் ஆபத்து இரட்டிக்கும். எச்சரிக்கை வாராமையைப் பயனர் நலமென்றே கொள்வர். பேணுநரின் தனிமை விளைக்கக்கூடிய கேட்டை 2024 மார்ச்சில் உலகம் கண்டது. களைப்புற்ற ஒருவரே தாங்கிவந்த எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியில், உதவியாளராக நம்பிக்கை பெற்ற ஒருவர் இரகசிய வாயில் ஒன்றைப் புகுத்தியிருந்தார். தொலைநுழைவு சிறிது தாமதிப்பதன் காரணத்தை ஆராய்ந்த அன்ட்ரெஸ் ஃபிராயுண்ட் அதனைக் கண்டறிந்தார்.

உரிமம் எத்தகைய உத்தரவாதமும் அளிப்பதில்லையே, பின் குறைகூறுவானேன் என ஒருவர் வினவலாம். அது நியாயமே, தன்னார்வலரை வற்புறுத்துவது அறமன்று. ஆதலின் கடமை பயன்கொள்வோரையே சாரும். இக்கருவிகளை விலையின்றிப் பெறும் பல்கலைக்கழகங்கள், பொதிகளைச் சோதித்தலையும் வழுக்களைத் தெளிவுற அறிவித்தலையும் மாணவர் பயிற்சியின் பகுதியாக்குதல் தகும். கிணற்றில் அள்ளும் உரிமையோடு, அதனை இறைக்கும் முறையும் ஊரவரிடையே வகுக்கப்படல் வேண்டும். அம்முறையை வகுக்காத சுதந்திரக் கோட்பாடு நிறைவுடையதாகாது என்பதே எமது துணிபு.