பட்டியலில் ஏறிய ஊர்கள்

தென்கொரியச் செய்தித்தாள்களின் வீட்டுமனைப் பக்கங்களில் எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர்கள் சில உண்டு. மா-யோங்-சொங் அவற்றில் ஒன்று. சியோல் நகரின் மாபோ, யோங்சான், சொங்டோங் மாவட்டங்களின் முதல் அசைகளைக் கோத்த பெயர். நோவோன், தோபோங், கங்புக் மூன்றும் சேர்ந்தால் நோ-தோ-கங். முன்னது ஹான் ஆற்றங்கரையில் விலை ஏறிய இடம். பின்னது நகரின் வடகோடியில் விலை மலிந்த இடம். கங்னம், சொச்சோ, சோங்பா மூன்றுக்கும் அசை பிரிக்கும் சிரமமே இல்லை. ‘கங்னம் மூன்று’ என்றால் போதும், அந்தஸ்து சொல்லாமலே விளங்கும்.

இதைப் பத்திரிகைக்காரர்களின் குறுக்குவழி என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக் கடன் விதி, சொத்து வரி, தேர்தல் வியூகம் எல்லாமே இடங்களை இப்படிக் கட்டுக்கட்டாகப் பார்த்துத்தான் வகுக்கப்படுகின்றன. 2024 பொதுத்தேர்தலில் ‘ஹான் ஆற்றுப் பட்டை’, ‘நக்டோங் ஆற்றுப் பட்டை’ என்றுதான் கட்சிகள் களத்தைப் பங்கிட்டுக்கொண்டு மோதின.

நிர்வாக எல்லை மறைப்பதைச் சில நேரம் தொகுப்பு காட்டிக்கொடுக்கும். கங்னம் மாவட்டம் 1975இல் சொங்டோங்கிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 1979இல் அதன் கிழக்குப் பகுதி கங்டோங் மாவட்டமாயிற்று. 1988இல் கங்னமிலிருந்து சொச்சோவும், கங்டோங்கிலிருந்து சோங்பாவும் பிரிந்தன. ஆக, மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1969இல் ஹன்னாம் பாலம், 1970இல் சியோல்–புசான் விரைவுச்சாலை, 1976இல் ஆற்றுக்கு வடக்கிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்ட கியொங்கி உயர்நிலைப் பள்ளி என்று அரசு கொட்டிய முதலீடுதான் அந்த வயல்வெளியைப் பொன் விளையும் பூமியாக்கியது. ‘கங்னம் மூன்று’ என்னும்போது இந்த வரலாறும் கூடவே வருகிறது. ஆனால் அதே வயிற்றில் பிறந்த கங்டோங்குக்கு அந்த மூன்றில் இடமில்லை. உறவைத் தீர்மானித்தது விலை.

கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது. 2006 மே மாதம் ரோ மூ-ஹ்யுன் அரசு, வீட்டு விலை நீர்க்குமிழியாகிவிட்ட ஏழு இடங்கள் என்று கங்னம், சொச்சோ, சோங்பா, மோக்டோங், புந்தாங், பியொங்சோன், யோங்கின் ஆகியவற்றை அறிவித்தது. ‘வாங்காதீர்கள், உடையும்’ என்பது அரசின் செய்தி. ‘உயரும் இடம் இவைதாம் என்று அரசே சொல்லிவிட்டது’ என்பது சந்தை படித்த செய்தி. அந்த ஆண்டின் பிற்பாதியில் தலைநகர் வட்டாரம் முழுக்க விலை எகிறியது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் அந்த ஏழின் விதியும் ஏழாகச் சிதறியது. யோங்கின் விழுந்து நெடுங்காலம் எழவில்லை, கங்னம் எழுந்தது. ஒரே கயிற்றில் கட்டியதால் அவை ஒரே சரக்காகிவிடவில்லை.

கொரியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பலூன் விளைவு. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் உப்பும். 2019 டிசம்பரில் 150 கோடி வொன்னுக்கு மேற்பட்ட அடுக்ககங்களுக்குக் கடன் மறுக்கப்பட்டதும் பணம் தெற்கே இறங்கியது. சுவோன், யோங்கின், சொங்னாம் சேர்ந்து சு-யோங்-சொங் என்ற புதுப் பெயர் பிறந்தது. 2020 பிப்ரவரியில் சுவோன் பக்கம் கட்டுப்பாடு பாய்ந்தது. ஜூனில் தலைநகர் வட்டாரத்தின் பெரும்பகுதி பட்டியலுக்குள் வந்தது. பெயர் முன்னே ஓட, விதி பின்னே ஓடியது.

2025இல் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். ஜாம்சில், சாம்சொங், தேச்சி, சொங்டாம் என்ற நான்கு சியோல் பேட்டைகளும் 2020 ஜூன் முதல், வீடு வாங்க அனுமதி தேவைப்படும் வலயத்தில் இருந்தன. அங்கே வீடு வாங்குபவர் இரண்டு ஆண்டு தாமே குடியிருக்க வேண்டும். ஜொன்சே முறைக்கு அதனால் அங்கே பூட்டு. (நாம் ஒத்தி என்போமே, கிட்டத்தட்ட அதுதான்.) குடியிருப்பவர் தரும் பெருந்தொகையை விலையில் கழித்து, மிச்சத்தை மட்டும் போட்டு வீடு வாங்கும் வித்தை அந்த நான்கு இடங்களில் செல்லாது. பிப்ரவரி நடுவில் சியோல் மேயர் ஓ சே-ஹூன் அங்கிருந்த 305 அடுக்கக வளாகங்களில் 291க்குப் பூட்டைத் திறந்தார். விலை பாய்ந்தது. மார்ச் 19ஆம் தேதி அவர் மன்னிப்புக் கேட்டார். 24ஆம் தேதி முதல் நான்கு பேட்டைகளுக்குப் பதிலாகக் கங்னம் மூன்றும் யோங்சானும் முழுமையாக வலயத்துக்குள் போயின. ஏறத்தாழ 2,200 வளாகங்கள், 4 லட்சம் வீடுகள். உடனே பார்வை மாபோவுக்கும் சொங்டோங்குக்கும் தாவியது. கடைசியில் அக்டோபர் 15ஆம் தேதி சியோலின் 25 மாவட்டங்களும் கியொங்கி மாகாணத்தின் 12 இடங்களும் ஒட்டுமொத்தமாக அடைபட்டன.

அந்த வலையில் நோ-தோ-கங்கும் சிக்கியதுதான் கொடுமை. 2020, 2021இல் முப்பதுகளில் இருந்தவர்கள் எட்டிப் பிடிக்க முடிந்த சியோல் இதுதான். ஆன்மாவைக்கூடச் சுரண்டிக் கடன் திரட்டினார்கள் என்பது அந்தத் தலைமுறை பற்றிய கொரிய வழக்கு. 2021 ஆகஸ்டுக்கு முன் 0.5 சதவீதமாக இருந்த மத்திய வங்கி வட்டி, 2023 ஜனவரியில் 3.5 சதவீதமானது. விலையும் இறங்கி, பழைய உச்சத்தை எட்டாமலே நின்ற நேரத்தில், ‘அதிக வெப்பம்’ என்ற முத்திரை வந்து விழுந்தது. ஏறும்போது மலிவுப் பட்டியல், கட்டுப்படுத்தும்போது கங்னமுக்குச் சமம். இரண்டு வகையிலும் நட்டம்.

அதே அக்டோபர் அறிவிப்பில் இன்னொரு விதியும் இருந்தது: 150 கோடி முதல் 250 கோடி வொன் வரையிலான வீட்டுக்கு 40 கோடிதான் கடன், அதற்கு மேல் போனால் 20 கோடிதான். கோட்டுக்குக் கீழே விலைகள் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மையே. ஆனாலும் விலையை வைத்துப் போடும் கோடு எந்தத் தெருவுக்கும் கிரீடம் சூட்டாது. ஊர்ப் பெயரை வைத்து வகுக்கும் விதியைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

சந்தை சூட்டிய பெயர்கள் இவ்வளவு வலிமையோடு இருக்க, நாட்டைச் சமன்செய்ய அரசு சூட்டிய பெயர்கள் சோகையாக இருக்கின்றன. புசான், உல்சான், தென் கியொங்சாங் மூன்றும் பு-உல்-கியொங் என்ற பெயரில் 2022 ஏப்ரலில் சிறப்பு ஒன்றியமாயின. தலைநகருக்கு எதிர் எடையாக ஏறத்தாழ 80 லட்சம் மக்கள். ஜூனில் உள்ளாட்சித் தேர்தல், புதிய தலைவர்கள், செப்டம்பரில் தென் கியொங்சாங் கைவிரித்தது. 2023 ஜனவரியில் தொடங்க வேண்டிய பணி தொடங்கவே இல்லை. மா-யோங்-சொங்கைக் கலைக்க எந்தத் தேர்தலாலும் முடியாது, அதன் பின்னால் பணம் நிற்கிறது. பு-உல்-கியொங்கின் பின்னால் வரி விதிக்கும் உரிமையும் இல்லை, பட்டதாரிகள் தேடும் வேலையும் இல்லை. மென்பொருள் ஆட்கள் பாங்யோவுக்குத் தெற்கே வரமாட்டார்கள், பொறியாளர்கள் கிஹுங்குக்குத் தெற்கே வரமாட்டார்கள் என்று நிறுவனங்களே தெற்கெல்லை வரைந்து வைத்திருக்கின்றன. இரண்டும் தலைநகர் வட்டாரத்துக்குள்தான் இருக்கின்றன.

இப்போது லீ ஜே-ம்யுங் அரசு ‘ஐந்து துருவம், மூன்று சிறப்பு’ என்று நாட்டையே எட்டாகத் தொகுத்திருக்கிறது. ஜெஜு, கங்வொன், வட ஜொல்லா மூன்றும் சிறப்புத் தன்னாட்சி மாகாணங்கள். ஐந்து துருவங்களில் ஒன்று தலைநகர் வட்டாரம். நிலப்பரப்பில் 12 சதவீதத்தில் மக்களில் பாதிக்கு மேல் வாழும் அந்த ஒன்றையும் மற்ற நான்கையும் ஒரே வரிசையில் எண்ணிவைப்பது எளிது. உல்சானிலோ தேகுவிலோ வசூலாகும் வரியில் எவ்வளவு அங்கேயே தங்கும் என்பதை எழுத்தில் கொடுக்காதவரை, இந்தத் தொகுப்பும் பு-உல்-கியொங் போன வழியில்தான் போகும் என்று நினைக்கிறேன்.