தண்டூன்றியவரும் அறிக்கை எழுதியவரும்

எங்கள் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் சிலர், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் முடிந்தபின் தாம் எழுதிய அறிக்கைகளைப் பார்த்துத் திருத்தித் தருமாறு என்னிடம் கொண்டுவந்தனர். பதினொன்றையும் ஒரே இரவில் படித்தேன். பதினொன்றும் ஒரே அறிக்கைதான். முதியோர் இல்லம் சென்றோம், பழமும் போர்வையும் வழங்கினோம், பாடினோம், அவர்கள் கண்கலங்கினர், எங்கள் உள்ளம் நிறைந்தது. எழுத்துப்பிழைகள் மிகக் குறைவு. ஆனால் எந்த அறிக்கையிலும் ஒரு முதியவர்கூட வாய் திறந்து பேசவில்லை.

இலக்கியம் பேசும் இவ்விதழில் மாணவர் அறிக்கைக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். தேர்வு விடைத்தாளை விட்டால், நம் இளைஞர் தம் கைப்பட எழுதும் உரைநடை பெரும்பாலும் இதுவே என்று எண்ணுகிறேன். அதனால் அதையும் திறனாய்வுக்கு உட்படுத்துவதே முறை.

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவருடன் தொடங்கிய திட்டம் இது. 'நானன்று, நீ' என்பதே அதன் முழக்கத்தின் பொருள். அறிக்கைகளிலோ 'நாங்கள்' என்னும் சொல்லே ஆட்சி செய்கிறது. பிழை மாணவருடையது மட்டுமன்று. இரண்டாண்டில் 240 மணி நேரம் நிறைந்ததா என்று எண்ணிப் பார்க்கும் நாம், யாரிடம் என்ன கற்றாய் என்று கேட்க மறந்துவிடுகிறோம். 1948இல் மதுரையில் தோன்றிய லேடி டோக் கல்லூரி, சேவைவழிக் கற்றலைப் பாடத்திட்டத்தோடு பிணைத்து நடத்துகிறது. வகுப்பறையில் படித்ததை மக்களிடையே உரசிப் பார்ப்பதும், அங்கே கண்டதை வகுப்பறைக்குக் கொண்டுவருவதும் அம்முறையின் உயிர். வழங்கும் கையாக மட்டும் செல்பவருக்கு இது வாய்ப்பதில்லை.

புறநானூற்றின் 243ஆம் பாட்டை ஈண்டு நினைக்கிறேன். இருமலுக்கிடையே சில சொல் பேசி, தண்டூன்றி நிற்கும் முதியவர், கரையில் நிற்போர் வியக்க மரக்கிளையிலிருந்து ஆழ்மடுவில் பாய்ந்து அடிமணல் அள்ளிவந்த தம் இளமையை எண்ணி இரங்குகிறார். அவர் ஊன்றிய தண்டே புலவருக்குப் பெயராயிற்று. தொடித்தலை விழுத்தண்டினார் என்றே அவரை அறிகிறோம். அவருக்குப் பழம் வழங்கியவர் யாரென்று பாட்டு சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பன்னிரண்டாவது அறிக்கை வந்தது. கட்டடப் பொறியியல் படிக்கும் மாணவன், கையெழுத்து கொடுமை. இல்லத்தில் அவன் பேசியது ஒரே ஒரு பெரியவரோடு. அவர் திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே ஒரு கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். மூச்சடக்கிக் குமிழி மடைக்குள் மூழ்கி, காலால் துளையைத் தடவிச் சேற்றை விலக்கி அடைப்பைத் திறந்த விதத்தை மாணவன் மூன்று பக்கம் எழுதியிருந்தான். மடைக்கல்லில் நீர் நின்ற உயரத்தைக் கண்டே, இன்னும் எத்தனை நாள் பாய்ச்சலாம் என்று அவர் சொல்வாராம். அக்கணக்கும் தன் பாடநூல் வாய்பாடும் ஏன் ஒத்துவரவில்லை என்ற கேள்வியோடு அறிக்கை நின்றுவிட்டது. முடிவுரை இல்லை. அதுவே அதன் அழகு.

ஆனாலும் ஒரு குறை. மடையைக் கேட்டவன், மனிதரைக் கேட்கவில்லை. இவ்வளவு அறிந்தவர் இல்லத்துக்கு வந்தது எப்படி? இதை ஓரத்தில் குறித்துத் திருப்பியனுப்பினேன். அவன் மீண்டும் சென்று கேட்டிருக்கிறான். மகன் ஊரிலேயே இருக்கிறானாம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம் என்றும் எடுத்துச் சொல்லியிருக்கிறான். பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்து, "எம் மகன் மேல நானே மனுக் கொடுக்கவா, தம்பி?" என்றாராம்.

"இதையும் அறிக்கையில எழுதலாமா, சாமி?" என்று நேற்று வந்து நின்றான். அவரிடமே கேட்டு வரும்படி அனுப்பியிருக்கிறேன்.