வெள்ளோட்டம் விடாத படகு

'ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் அட்லாண்டிக் போரின் போக்கே மாறியிருக்கும்.' ஜெர்மனியின் 21ஆம் வகை நீர்மூழ்கியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடும். அந்த வகையில் 118 படகுகள் கடற்படையில் சேர்ந்தன. போர்ப் பயணம் புறப்பட்டவை இரண்டே. அவற்றில் ஒன்றான யூ-2511, 1944 செப்டம்பர் 29இல் ஹாம்பர்க்கில் பணிக்கு வந்தது. 1946 ஜனவரி 7இல் பிரிட்டிஷ் கடற்படை அதை மூழ்கடித்தது. நடுவில் எதிரிக் கப்பல்மீது ஒரு டார்பிடோகூட அது விடவில்லை. இதைக் காலம் செய்த சதி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தாமதம் படகைக் கட்டிய முறைக்குள்ளேயே இருந்தது.

அந்த முறையின் நியாயத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. பழைய படகுகள் பெரும்பாலும் கடலின் மேற்பரப்பில் ஓடி, ஆபத்து வந்தால் மட்டும் மூழ்கியவை. ரேடார் வந்தபின் அவற்றுக்கு ஒளிய இடமில்லை. புதிய வடிவமைப்பு இதைத் தலைகீழாக மாற்றியது. நீரோட்டத்துக்கு ஏற்ற வழவழப்பான உடல், அதன் கீழ்ப்பாதி நிறைய பேட்டரிகள், நீருக்குள் 17 நாட் வேகம். துரத்திவரும் 'ஃப்ளவர்' வகை கார்வெட் நீரின் மேலேயே 16 நாட்தான் ஓடும்.

இதைக் கட்டும் பொறுப்பு தீயணைப்பு வண்டித் தொழிலிலிருந்து வந்த ஓட்டோ மெர்க்கரிடம் போனது. படகை எட்டுத் துண்டுகளாகப் பிரித்து, உள்நாட்டு எஃகு ஆலைகளில் அடித்து, வேறு தளங்களில் குழாயும் இயந்திரமும் பொருத்தி, கடைசியில் ஹாம்பர்க், பிரேமன், டான்சிக் ஆகிய மூன்று ஊர்களில் இணைப்பது அவர் திட்டம். இரு பக்கமும் திறந்திருக்கும் வளையம் போன்ற துண்டுக்குள் நின்று வேலை பார்ப்பது எவ்வளவு வசதி! பழைய முறையில் ஒரு பம்ப்பை உள்ளே இறக்கவே குறுகிய வாயிலோடு மல்லுக்கட்ட வேண்டும். இன்று பெரிய கப்பல் தளங்கள் எல்லாம் பகுதி பகுதியாகத்தான் கட்டுகின்றன. மெர்க்கரின் அடிப்படை யோசனையில் பழுது இல்லை.

பழுது, சோதனைப் படகு கட்டாமல் நேராகத் தொடர் உற்பத்தியில் இறங்கியதில் இருந்தது. அதே ஆண்டுகளில் அமெரிக்கா 2,710 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களைத் துண்டு சேர்த்தே கட்டியது. ஆனால் அவற்றின் உள்ளே இருந்தது பழைய நீராவி இன்ஜின். வடிவமைப்பும் பிரிட்டிஷார் ஏற்கெனவே வகுத்த எளிய ஒன்று. சில கப்பல்களின் உடல் பிளந்தபோது, காரணம் தேடித் திருத்த அவர்களுக்கு அவகாசமும் இருந்தது. ஜெர்மனியோ படகையும் புதிதாக்கி, கட்டும் முறையையும் புதிதாக்கி, கட்டுகிறவர்களையும் புதியவர்களாக்கியது.

விளைவு இணைப்பு மேடையில் தெரிந்தது. பாலமும் கூரையும் செய்து பழகிய ஆலைகள் நீர்மூழ்கிக்குரிய துல்லியத்தில் வளையங்களை அடிக்கவில்லை. பக்கத்துத் துண்டோடு விளிம்பு சேராத இடத்தில் இழுத்துப் பிடித்துப் பற்றவைத்தார்கள். கடலின் அழுத்தம் முழுவதையும் தாங்க வேண்டியது அந்தத் தையல்தான். டீசல் இன்ஜினின் சூப்பர்சார்ஜரும் சரியாக வேலை செய்யவில்லை. அதைக் கழற்றியதும் 2,000 குதிரைத்திறன் 1,200 ஆகச் சுருங்கியது. பேட்டரியை நிரப்பும் நேரம் அதனால் நீண்டது. டான்சிக்கில் யூ-3501ஐ ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், திறப்புகளை மரத்தால் அடைத்து நீரில் இறக்கினார்கள். பிறகு இழுத்துக்கொண்டு போய் மீண்டும் வேலை பார்த்தார்கள். அந்த அவசரத்தில் சேமித்ததாகச் சொன்ன மாதங்கள் இந்த மறுவேலையிலேயே கரைந்தன. துண்டுகளைச் சுமந்த கால்வாய்களை 1944 இலையுதிர்காலத்தில் குண்டுவீச்சு உடைத்தது. வேலையை நாடெங்கும் பரப்பியது பாதுகாப்பு என்ற கணக்கும் அங்கேயே பொய்த்தது.

பிரேமனுக்கு அருகே ஃபார்கேயில், இந்தப் படகுகளை இணைக்கவென்று 426 மீட்டர் நீளக் கான்கிரீட் கட்டடம் எழுப்பினார்கள். வதைமுகாம் கைதிகளும் போர்க்கைதிகளும் கட்டாய உழைப்பாளிகளும் சிமெண்ட் மூட்டை சுமந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மடிந்தனர். அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு படகுகூட வெளிவரவில்லை. 'புரட்சிகரமான உற்பத்தி' என்று பாராட்டும் நூல்களில் இவர்களுக்கு ஒரு பத்தி ஒதுக்காதது எனக்குக் கோபமூட்டுகிறது.

யூ-2511இன் தலைவர் அடால்பெர்ட் ஷ்னே, போர் முடியச் சில நாட்களே இருக்கும்போது நார்வேயின் பெர்கனிலிருந்து புறப்பட்டார். போர்நிறுத்த ஆணை வந்தபின் ஒரு பிரிட்டிஷ் குரூசரை, அது அறியாமலே மிக நெருங்கித் தாக்குதல் ஒத்திகை பார்த்து விலகியதாக அவர் சொன்னார். படகின் புகழில் பாதி இந்தக் கதையால் வந்தது. ஐயப்படும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அனுபவம் மிக்க ஒரு தலைவர் ஒரேயொரு கப்பலை நெருங்கியதை வைத்து 118 படகுகளுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

போருக்குப் பிறகு அமெரிக்காவும் சோவியத்தும் சில படகுகளை எடுத்துச்சென்று நிதானமாகச் சோதித்தன. உடல்வடிவத்தையும் பேட்டரிக் கொள்ளளவையும் எடுத்துக்கொண்டு தங்கள் படகுகளைத் திருத்தின. ஜெர்மனி 1943இல் தவிர்த்த வேலை அது. அந்த வகையில் எஞ்சிய யூ-2540 இன்று பிரேமர்ஹாஃபென் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதே வேசர் நதியோரம்தான் ஃபார்கே கட்டடமும் நினைவிடமாக இருக்கிறது. படகைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் போய்வர வேண்டும்.