ரப்பர் பேண்டுக்கு ஒரு பேரேடு

வீட்டில் ரப்பர் பேண்ட் இருக்கிறதா? கொஞ்சம் அகலமானதாக ஒன்றை எடுங்கள். சட்டென்று நீளமாக இழுத்து, இழுத்தபடியே மேலுதட்டில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியே சில விநாடி பிடித்திருந்துவிட்டு, தளர்த்தி மறுபடி உதட்டில் வையுங்கள். சில்லென்று இருக்கும்.

அவ்வளவுதான் சோதனை. பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்களுக்கு என்ட்ரோபி சொல்லித்தருகிற சோதனைகளில் என் ஓட்டு இதற்குத்தான். (நான் பி.காம். ஆனால் கேன்டீன் எல்லோருக்கும் பொது. அடுத்த டிபார்ட்மென்ட் ரெக்கார்ட் நோட்டுகளை நிறையவே புரட்டியிருக்கிறேன்.) சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து, ஃபார்முலாவில் போட்டு, விடை எழுதி மூடிவைக்கிற சோதனையும் உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் வரும்.

ரப்பர் சமாசாரத்தை 1805-ல் எழுதிவைத்தவர் ஜான் காஃப் என்ற இங்கிலாந்துக்காரர். அணுக் கொள்கை தந்த டால்டனுக்கே பாடம் சொன்ன மனிதர். சின்ன வயதில் அம்மை வந்து பார்வை போய்விட்டது. தெர்மாமீட்டரைப் பார்த்துப் படிக்க முடியாதவர், உதட்டையே தெர்மாமீட்டர் ஆக்கிக்கொண்டார்!

ஏன் சுடுகிறது? ரப்பருக்குள் இருப்பவை நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள், சிக்கலான நூல்கண்டு மாதிரி. சும்மா கிடக்கும்போது எப்படி வேண்டுமானாலும் சுருண்டுகொள்ளலாம். இழுத்தால் எல்லாம் ஒரே திசையில் வரிசையில் நின்றாக வேண்டும். எத்தனை விதமாக இருக்க வாய்ப்பு உண்டு என்கிற கணக்குதான் என்ட்ரோபி. வரிசையில் நிறுத்தினால் அது குறைகிறது. ஆனால், சட்டென்று இழுக்கும்போது வெப்பம் உள்ளே வரவோ வெளியே போகவோ நேரமில்லை. மொத்த என்ட்ரோபி குறைய இயற்கை விடாது. அடுக்கில் குறைந்ததை வேறு எங்காவது வரவு வைத்தாக வேண்டும். மூலக்கூறுகளின் ஆட்டத்தில் வைக்கிறது. ஆட்டம் கூடினால் சூடு. என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்கு இது உடனே புரிகிறது: ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு.

சரி, இதே ரப்பர் பேண்ட் இன்னொரு நாள் இன்னொரு வகுப்புக்கு வருகிறது. வெட்டி நீட்டி, வரிசையாக பேப்பர் க்ளிப் மாட்டி, 'இவைதான் காலக்ஸிகள்' என்கிறார்கள். இழுத்தால் பக்கத்து க்ளிப் கொஞ்சம் நகர்கிறது. இரண்டு மடங்கு தள்ளி இருப்பது இரண்டு மடங்கு நகர்கிறது. விரிகிற பிரபஞ்சம், ஹப்பிள் விதி, கைதட்டல்!

இங்கேதான் எனக்குக் குறை. முந்தின சோதனையை ஒழுங்காகச் செய்த பையனோ பொண்ணோ இந்த ரப்பரையும் உதட்டில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? இழுத்தால் ரப்பர் சூடாகிறது. பிரபஞ்சம் விரிந்தபோது குளிர்ந்தது! பிறந்து 3,80,000 ஆண்டுகள் ஆனபோது சுமார் 3,000 கெல்வின் வெப்பத்தில் கிளம்பிய ஒளி, பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு நீண்ட பிறகு, இன்றைக்கு வெறும் 2.7 கெல்வின் மைக்ரோவேவாக வந்து சேர்கிறது. உவமை நேர் எதிராகப் போகிறது. லேபில் எழக்கூடிய மிக நல்ல கேள்வி இது. இரண்டு சோதனைகளையும் இரண்டு பேப்பரில், இரண்டு செமஸ்டரில் பிரித்துப் போட்டுவிட்டால் இதை யார் கேட்பது?

பதில் ஒன்றும் பிரமாதமில்லை. பேரேடு அதேதான், பக்கம்தான் மாறுகிறது. ரப்பரை இழுத்தால் வாய்ப்புகள் குறைகின்றன, ஈடுகட்ட வெப்பம் கூடுகிறது. ஒளிக்கு இடம் பெரிதானால் வாய்ப்புகள் கூடுகின்றன, வெப்பம் குறைகிறது. ஒளியின் மொத்த என்ட்ரோபி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஒரே மத்தியானத்தில் இரண்டையும் செய்யச் சொன்னால் ரப்பர் பேண்ட் ஒன்று, பாடம் இரண்டு.

அடுத்து கம்ப்யூட்டர் லேப். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியில் 1990-களில் தயாரித்து, பல நாட்டுக் கல்லூரிகளில் புழங்கிய மென்பொருள் ஒன்று உண்டு. திரையில் ஒரு டெலஸ்கோப். மாணவர் காலக்ஸியைக் குறிவைத்து, நிறமாலை எடுத்து, 3933.7 ஆங்ஸ்ட்ராமில் இருக்கவேண்டிய கால்சியம் கோடு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று அளப்பார். அதில் வேகம் கிடைக்கும். பிரகாசத்தில் தூரம் கிடைக்கும். கிராஃப் போட்டால் ஹப்பிள் எண். அழகான வேலை. மேகமூட்டம் என்று சாக்கு சொல்ல முடியாது!

ஆனால் தூரம் எப்படிக் கிடைத்தது? 'எல்லா காலக்ஸிக்கும் உண்மையான பிரகாசம் மைனஸ் 22 என்று வைத்துக்கொள்ளவும்' என்று கையேட்டிலேயே ஒரு வரி. வைத்துக்கொண்டார்கள். எழுபதை ஒட்டி ஒரு எண் வந்தது, பிரபஞ்சத்தின் வயதும் வந்தது. ட்ரையல் பேலன்ஸ் இடிக்கும்போது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளுவார்கள் தெரியுமா? அந்த மைனஸ் 22-ஐப் பார்த்தால் எனக்கு அந்த ஞாபகம்தான்.

ஏனென்றால் ஹப்பிளே சறுக்கிய இடம் அதுதான். 1929-ல் 24 காலக்ஸிகளை வைத்து அவர் போட்ட கணக்கில் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, அதாவது ஒரு மெகாபார்செக்குக்கு, விநாடிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வந்தது. அப்படிப் பார்த்தால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுதான். பூமிக்கே சுமார் 450 கோடி! அம்மாவைவிட பொண்ணுக்கு வயசு அதிகம். வேகங்களில் பெரிய தப்பில்லை; அவற்றில் பெரும்பாலானவை ஸ்லைஃபர் ஏற்கெனவே அளந்து வைத்தவை. கோளாறு தூரத்தில். இரண்டு வகை செஃபீட் நட்சத்திரங்களை ஒன்றாகக் குழப்பிக்கொண்டதை வால்டர் பாடே 1952-ல் அறிவித்ததும் தூரங்கள் சுமார் இரட்டிப்பாயின. ஹப்பிள் நட்சத்திரம் என்று நினைத்தவற்றில் சில, ஒளிரும் வாயு மேகங்கள் என்று காட்டி, 1958-ல் சாண்டேஜ் 75-க்குக் கொண்டுவந்தார்.

இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 முடிவு 67.4. செஃபீட், சூப்பர்நோவா வழியாக ஆடம் ரீஸ் குழு 2022-ல் சொன்னது 73.04. இருவருமே தங்கள் பிழை எல்லை சின்னது என்கிறார்கள். நடுவில் இருக்கும் பள்ளத்தை யாராலும் தள்ளுபடி செய்ய முடியவில்லை. இந்த நேரத்தில் போய், எண் அலுங்காமல் குலுங்காமல் வந்துவிடும் என்று மாணவரை நம்ப வைத்து அனுப்புவதா?

மென்பொருளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரே ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்க்கலாம். மைனஸ் 22-ஐ அழித்துவிட்டு மைனஸ் 21 என்று போட்டு, அதே நிறமாலைகளை வைத்து மறுபடி கணக்குப் போடச் சொல்லுங்கள். முதலில் 75 வந்தவருக்கு இப்போது 119 வரும். 1,300 கோடி ஆண்டு வயதான பிரபஞ்சம், கால்சியம் கோடு ஒன்றுகூட அசையாமல், 820 கோடிக்கு இறங்கிவிடும். அதையும் ரெக்கார்ட் நோட்டில் எழுதச் சொல்லி, மார்க்கும் போடுங்கள்.